வில்லோடு விமானம் ஏறுவது: பெட்டி கட்டுவதிலிருந்து முதல் அம்பு வரை

முதன்முறை விமானத்தில் போட்டிக்குப் போகும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "வில் உடையாமல் போய்ச் சேருமா?" என்பதுதான். நல்ல பெட்டியில் ஒழுங்காக வைத்தால் சேரும். அதைவிட அடிக்கடி நான் பார்த்த சங்கடம் வேறு. எல்லாம் முழுசாக வந்திருக்கும், ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் பூட்டி எய்து பார்த்தால் அது வீட்டில் எய்த வில்லாக இருக்காது. நாணில் நாலைந்து முறுக்கு அவிழ்ந்திருக்கும், பிளஞ்சர் (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் பொத்தான்) அரைச்சுற்று திரும்பியிருக்கும், சைட் (குறிபார்க்கும் கருவி) ஒரு கோடு நகர்ந்திருக்கும். பயிற்சிக்கென்று கொடுத்த ஒரே நாள் முழுவதும் அதைத் தேடிப் பிடிப்பதிலேயே போய்விடும்.

அதனால் வில்லை உடையாமல் காப்பதோடு, அதே வில்லை அந்த ஊரில் திரும்ப உண்டாக்குவதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எய்வதும் கற்றுக்கொடுப்பதும் ரிகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த, கழற்றிப் பூட்டும் வில்) என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். காம்பவுண்டுக்கும் (சக்கரமும் கேபிளும் உள்ள வில்) மூங்கில் வில்லுக்கும் வேறுபடும் இடங்களைப் பிறகு பார்க்கலாம்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்

வில்லும் அம்பும் கேபினுக்குள் வரக் கூடாது. எந்த விமான நிறுவனத்திலும் இதில் விலக்கு கிடையாது. செக்-இன் பெட்டியில் போடலாம். அதற்குக் கட்டணம் உண்டா, முன்கூட்டியே சொல்ல வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் எடுக்கும் முன்பே அவர்களின் விளையாட்டுச் சாமான் விதியைப் படித்துவிட்டு, ஒரு மின்னஞ்சலும் அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருப்பவர் தயங்கினால் அந்தப் பதில்தான் கைகொடுக்கும்.

அடுத்தது எடை. இந்தியாவுக்குள் எகானமி டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான் செக்-இன் அனுமதி. 25 அங்குல அலுமினிய ரைசர் (கைப்பிடி உள்ள நடுப்பகுதி) ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ இருக்கும். ஸ்டெபிலைசர் (வில்லை ஆடாமல் நிறுத்தும் கம்பிகள்) தொகுதி வெயிட்டோடு சேர்ந்து ஒரு கிலோவை நெருங்கும். இவற்றோடு லிம்ப் (வில்லின் வளையும் இரு கைகள்), சைட், அம்பு, எல்-கீ (திருகு முடுக்கும் வளைந்த சாவி), சில்லறைச் சாமான் எல்லாம் சேர்ந்து மொத்தம் 4 முதல் 5 கிலோ. கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி தனியாக 4, 5 கிலோ இழுத்துவிடும். மீதி இருக்கும் ஐந்தாறு கிலோவில் ஒரு வாரத்துக்கான துணி. வீட்டிலேயே தூக்குத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அணியாகப் போகிறீர்கள் என்றால் எல்லோருக்கும் ஒரே பிஎன்ஆரில் டிக்கெட் போட முடியுமா, எடையைச் சேர்த்துக் கணக்கிடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். கூடுதல் கட்டணம் நிறையக் குறையும்.

அளவும் முக்கியம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. என்பது பல நிறுவனங்கள் வைத்திருக்கும் எல்லை. ரிகர்வுக்குப் பிரச்சினை இல்லை. 80 × 35 × 25 செ.மீ. பெட்டி கூட்டினால் 140 தான். காம்பவுண்ட் பெட்டி 115 × 42 × 17 என்றால் 174 ஆகிவிடும். பெரிய சாமான் கவுன்டருக்கு அனுப்புவார்கள், நேரம் அதிகம் பிடிக்கும். ஏடிஆர் மாதிரிச் சிறிய விமானம் போகும் வழித்தடம் என்றால் நீளமான பெட்டி ஏறுமா என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு திருகையும் தொடாதீர்கள், முதலில் நோட்டை எடுங்கள்

பெட்டி கட்டுவது இங்கேதான் தொடங்குகிறது. கடைசிப் பயிற்சி முடிந்ததும், வில் நாணேற்றி நிற்கும்போதே இவற்றை எழுதுங்கள்:

- பிரேஸ் ஹைட் (பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்), மில்லிமீட்டர் வரை
- மேல் டில்லர், கீழ் டில்லர் (லிம்ப் ரைசரோடு சேரும் இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம்)
- நாக்கிங் பாயிண்டின் (நாணில் அம்பைப் பொருத்தும் இடம்) உயரம்
- பிளஞ்சரில் ஸ்பிரிங் எந்த எண்ணில் நிற்கிறது
- கிளிக்கர், அதாவது முழுதாக இழுத்ததும் 'கிளிக்' என்று ஒலிக்கும் தகடு, எந்த இடத்தில் இருக்கிறது (ரைசரில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுவிடலாம்)
- சைட் நீட்டுக்கம்பி எந்தத் துளையில், 70 மீட்டர் குறி எங்கே, பக்கவாட்டு எண் என்ன
- ஸ்டெபிலைசரில் முன்னால் எத்தனை வெயிட், பக்கத்தில் எத்தனை

ஒவ்வொன்றையும் கைபேசியில் படமும் எடுங்கள். ஆனால் படத்தை மட்டும் நம்பாதீர்கள். பிரேஸ் ஹைட்டைப் படத்தில் பார்த்து அளக்க முடியாது. நோட்டில் எண்ணாக இருந்தால், விடியற்காலை அறை வெளிச்சத்தில் பதற்றத்தோடு பூட்டும்போதும் குழப்பம் வராது.

கழற்றும் வரிசை

முதலில் ஸ்டெபிலைசரையும் சைட்டையும் எடுங்கள். சைட்டிலிருந்து அபெர்ச்சர் பின்னைத் (குறிபார்க்கும் வளையம்) தனியாகக் கழற்றிச் சின்ன டப்பாவில் போடுங்கள். அடிபட்டால் முதலில் வளைவது அதன் மெல்லிய மரைதான். சைட் பிளாக்கின் திருகுகளை இறுக்கிய பிறகு பெட்டியில் வையுங்கள். தளர்வாக விட்டால் விமானத்தின் அதிர்விலேயே நகர்ந்துவிடும்.

பிளஞ்சரை அதன் கழுத்துப் பூட்டோடு சேர்த்து அப்படியே கழற்றுங்கள். பூட்டைத் தளர்த்தினால் அம்பு ரைசரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற அளவு போய்விடும்.

இப்போது நாண். ஸ்ட்ரிங்கர் (நாண் ஏற்றி இறக்க உதவும் கயிறு) போட்டுத்தான் இறக்க வேண்டும், முழங்காலில் வளைத்து இறக்கினால் லிம்ப் முறுகும். நாண் தளர்ந்ததும் உடனே எடுத்துவிடாமல், இரண்டு கண்ணிகளையும் லிம்ப் நுனியிலேயே விட்டுப் பிடித்துக்கொண்டு, ஒரு துண்டு நூலால் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய பிறகு கழற்றுங்கள். அப்படிக் கட்டாத நாணில் முறுக்கு தானாக அவிழும். ஒவ்வொரு முறுக்கும் பிரேஸ் ஹைட்டை மாற்றும். மேல் கண்ணி எது என்று தெரிய அதில் சின்னதாக ஒரு வண்ண நூல் கட்டிவிடுங்கள். மாற்று நாண் ஒன்றும் அவசியம். அது புதிதாக இருக்கக் கூடாது, இருநூறு அம்பாவது எய்து நீட்சி நின்ற நாணாக, நாக்கிங் பாயிண்ட் கட்டியதாக இருக்க வேண்டும். ஒன்றைப் பெட்டியிலும் மற்றதைக் கைப்பையிலும் வையுங்கள்.

லிம்ப் போல்ட்டைத் தளர்த்த வேண்டாம். பயணத்தில் அழுத்தம் இருக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். நாண் இறக்கிய வில்லில் அழுத்தமே இல்லை. போல்ட்டைத் தொட்டால் டில்லர் மட்டும்தான் கெடும்.

பெட்டிக்குள்

வில் பெட்டி வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கெட்டியான ஓடுள்ள பெரிய டிராலி சூட்கேஸ் ரிகர்வுக்குப் போதும். உள்ளளவு 68 × 48 செ.மீ. இருந்தால் அதன் குறுக்கு மூலைவிட்டம் 83 செ.மீ. 30 அங்குல லாங் ராட் (ஸ்டெபிலைசரின் நீளக் கம்பி) 76 செ.மீ.தான், சாய்த்து வைத்தால் உட்கார்ந்துவிடும். 63 செ.மீ. சொச்சமுள்ள ரைசர் நேராகவே போகும். மேலே துணி வந்துவிட்டால் அது சாதாரண சூட்கேஸாகவே தெரியும் என்பதும் ஒரு வசதி.

அடியில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் ரைசர். ரெஸ்ட் (அம்பு தங்கும் கம்பி) இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். காந்த ரெஸ்ட்டின் கம்பியைச் சுற்றி ஒரு மென்மையான துணியை மடித்துக் கட்டுங்கள். லிம்ப் இரண்டையும் தனித்தனி உறையில் போட்டு, ரைசருக்கு இருபுறமும் வையுங்கள். நுனியில் எந்தக் கனமும் அழுத்தக் கூடாது.

ஸ்டெபிலைசர் வெயிட்டை ராடிலேயே விடாதீர்கள். கழற்றி, தடித்த சாக்ஸுக்குள் போட்டு, ஷூவுக்குள் திணித்துவிடுங்கள். எஃகு வெயிட் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தால் சுத்தியல் மாதிரி. என் முதல் விமானப் பயணத்தில் துணிப்பையில் லிம்பையும் வெயிட்டையும் ஒன்றாகப் போட்டேன். போய்ப் பார்த்தால் மேல் லிம்பின் ஓரத்தில் நகத்தளவு கார்பன் பெயர்ந்திருந்தது. அந்த லிம்பில் அப்புறம் நான் நாணேற்றவே இல்லை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். லிம்ப் என்பது கார்பன், ஃபோம் அல்லது மர அடுக்குகளைப் பசையால் ஒட்டியது. மே மாதத்தில் மூடிய கார் டிக்கியில் இரண்டு மணி நேரம் கிடந்தால் அந்தப் பசைதான் முதலில் பாதிக்கப்படும். விமானத்தைவிட, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் சாப்பிட நிறுத்தும் காரே அதற்குப் பெரிய ஆபத்து.

பெட்டியில் போடவே கூடாதவையும் உண்டு. பாயிண்ட் (அம்பு முனை) ஒட்டச் சூடாக்கும் கேஸ் டார்ச், லைட்டர், அசிட்டோன், ஸ்பிரிட், எளிதில் தீப்பிடிக்கும் பசை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஹாட்மெல்ட் பசைக் குச்சி கொண்டுபோகலாம். கார்பன் அம்பில் பாயிண்டைக் கழற்ற நேரடித் தீயைவிட வெந்நீர்தான் நல்லது, தங்கும் அறையின் கெட்டிலே போதும். நாண் மெழுகுக்குத் தடை இல்லை.

அம்புகளை இரண்டாகப் பிரியுங்கள்

ஒருமுறை தேசியப் போட்டிக்குப் போனபோது என் பெட்டி வந்தது, அம்புக் குழாய் மட்டும் வரவில்லை. பன்னிரண்டு அம்பும் அதற்குள் இருந்தன. ஒரு தோழி தன் அம்புகளைக் கொடுத்தாள். என் வில்லுக்கு அவை கொஞ்சம் விறைப்பு அதிகம். நான் வலக்கைக்காரி, அம்புகள் எல்லாம் இடப்பக்கமே சாய்ந்தன. சைட்டைத் தள்ளித் தள்ளி 72 அம்பையும் எய்து முடித்தேன். குழாய் அன்று மாலை வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து ஆறும் ஆறுமாகத்தான் பிரிக்கிறேன். தகுதிச் சுற்றில் ஒரு எண்டுக்கு (ஒரு தடவை கோட்டில் நின்று எய்வதற்கு) ஆறு அம்பு. ஒரு பாதி தொலைந்தாலும் மறுபாதியை வைத்துச் சுற்றை முடிக்கலாம். ஒரு பாதி என் பெட்டியில், மறுபாதி அணித் தோழியின் பெட்டியில், அவளுடைய பாதி என்னிடத்தில்.

குழாய்க்குள் அடியில் கெட்டி ஃபோம் வைத்து, முனை கீழே இருக்கும்படி அம்பை நிறுத்துங்கள். நாக் (நாணில் மாட்டும் வால் கவ்வி) பக்கம் துளையிட்ட ஃபோம் வட்டம் ஒன்று இருந்தால் வேன்கள் (அம்பின் வால் இறகுகள்) ஒன்றோடொன்று உரசாது. சுருண்ட வகை ஸ்பின் வேன் நசுங்கினால் மாற்றுவதுதான் வழி, அதனால் மாற்று வேனும் ஒட்டும் டேப்பும் சேர்த்து எடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் வேன் மடங்கியிருந்தால் கெட்டில் ஆவியில் சில நொடி காட்டினால் நிமிர்ந்துவிடும். நாக் மாற்று பத்தாவது வேண்டும். அம்பறாத்தூணியில் அம்புகளைப் போட்டு அப்படியே சுருட்டி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பேருந்துக்குச் சரி, விமானத்துக்கு ஆகாது.

கைப்பையில் எதை வைப்பது

எனக்கு ஒரே அளவுகோல்தான்: அந்த ஊரில் இரவல் கிடைக்குமா? லிம்ப் கிடைக்கும், ரைசர்கூடக் கிடைக்கும். உங்கள் விரலுக்கு வெட்டிப் பழகிய ஃபிங்கர் டேப் (நாணை இழுக்கும் விரல்களைக் காக்கும் தோல்) யாரிடமும் கிடைக்காது. அதனால் ஃபிங்கர் டேப், செஸ்ட் கார்டு (மார்புக் காப்பு), ஆர்ம் கார்டு (முன்கைக் காப்பு), மாற்று நாண், அளவு எழுதிய நோட்டு, போட்டிச் சீருடை ஒன்று, அடையாள அட்டை, இவை எப்போதும் என் தோளில் இருக்கும். தொலைநோக்கியும் கைப்பையில்தான், அதன் முக்காலி செக்-இன் பெட்டியில்.

பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி இரண்டும் செக்-இன் பெட்டியில் இருக்கவே கூடாது. 100 வாட்-மணிக்குள் இருப்பதைக் கைப்பையில் வையுங்கள். எல்-கீ, நாக் பிளையர், கத்தரிக்கோல், சர்விங் கருவி (நாணில் காப்பு நூல் சுற்றுவது), அம்பு முனை எல்லாம் நேர்மாறு: செக்-இன் மட்டும். எய்து முடித்த கையோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்புபவர்கள் பக்கப் பாக்கெட்டில் ஒரு பாயிண்டாவது, எல்-கீயாவது மறந்திருப்பார்கள். கைப்பையை ஒருமுறை தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

காம்பவுண்ட் வீரர்களின் ரிலீஸ் எய்டை (நாணைப் பிடித்து விடும் கைக்கருவி) விடுவார்களா என்பது பாதுகாப்பு அதிகாரியின் முடிவு. இரண்டு இருந்தால் ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றைக் கையிலும் வையுங்கள். ஒன்றுதான் என்றால் பெட்டியில் போடுவதே பாதுகாப்பு. சோதனை வாசலில் எடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

காம்பவுண்ட் என்றால்

நாணையும் கேபிளையும் கழற்ற பிரஸ் (லிம்பை அழுத்திப் பிடிக்கும் கருவி) வேண்டும் என்பதால் வில்லை முழுசாகத்தான் வைக்க வேண்டும். சைட், ஸ்கோப் (சைட்டில் உள்ள லென்ஸ்), ஸ்டெபிலைசர், குவிவர் (அம்புக்கூடு) ஆகியவற்றை மட்டும் கழற்றுங்கள். கேம் (லிம்ப் நுனிச் சக்கரம்) நிற்கும் இடத்தில் லிம்பின்மீது வெள்ளி மார்க்கரால் ஒரு கோடு, டி-லூப்பும் (ரிலீஸ் மாட்டும் கண்ணி) பீப்பும் (கண் வைத்துப் பார்க்கும் துளை) நாணில் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு கோடு போடுங்கள். பீப் சற்று நகர்ந்தாலும் போய்ச் சேர்ந்ததும் கண்ணில் படும்.

காம்பவுண்டின் பெரிய ஆபத்து ஆர்வம்தான். பெட்டியைத் திறந்து சோதிப்பவர் நாணை இழுத்து அம்பில்லாமல் விட்டால் கேமும் லிம்பும் உடையலாம், அவருக்கும் காயம் படலாம். பெட்டியைத் திறந்ததும் தெரியும்படி ஒரு அட்டையை வில்லின்மேல் கட்டுங்கள்: "விளையாட்டுக் கருவி. நாணை இழுக்க வேண்டாம்." ஆங்கிலத்திலும் இந்தியிலும் சேர்த்து எழுதுங்கள். நேரில் திறக்கச் சொன்னால், "சார், நானே எடுத்துக் காட்டுகிறேன்" என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

மூங்கில் வில்

இந்தியன் ரவுண்டில் (மூங்கில் வில்லுக்கான போட்டிப் பிரிவு) எய்யும் பிள்ளைகளின் ஒற்றைத் துண்டு வில்லைக் கழற்ற முடியாது. வில் நுழையும் விட்டமுள்ள பிவிசி குழாயில், இரு முனையும் திருகு மூடி போட்டு, உள்ளே பழைய போர்வையைச் சுற்றி வைப்பதுதான் எனக்குத் தெரிந்து மலிவான, உறுதியான வழி. நாண் இறக்கியே வையுங்கள். குழாய் ஒன்றரை மீட்டரைத் தாண்டும் என்பதால் விமான நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் வாங்காமல் கிளம்ப வேண்டாம்.

விமான நிலையத்தில்

வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். கவுன்டரில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "போட்டிக்குப் போகிறேன், இதில் வில்வித்தைச் சாமான் இருக்கிறது." மறைத்தால் சந்தேகம்தான் கூடும். போட்டி அழைப்புக் கடிதமும், மாநிலச் சங்கத்தின் கடிதமும், வீரர் அடையாள அட்டையும் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். பெட்டிக்குள்ளும் வெளியிலும் பெயர், கைபேசி எண் எழுதிய அட்டை வேண்டும். வெளி அட்டை கிழிந்துபோனால் உள்ளே இருப்பதுதான் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரும்.

பெட்டி உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் அறிவிப்புக்குக் காது கொடுங்கள். ஸ்கேனில் ஏதாவது புரியவில்லை என்றால் உங்களை அழைத்துத் திறக்கச் சொல்வார்கள். சாவி கையில் இருக்க வேண்டும், அம்மாவின் செக்-இன் பையில் அல்ல.

வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் பெட்டியைக் காட்டி, இந்தப் பொருட்கள் இங்கிருந்து எடுத்துப்போகப்பட்டவை என்று ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியை ஒப்படைத்துவிட்டால் பிறகு காட்ட முடியாது, முன்பே செய்ய வேண்டும். ரைசர், லிம்ப் வரிசை எண்களும் வாங்கிய பில்லின் நகலும் இருந்தால் வேலை சுலபம். திரும்பி வரும்போது புதிதாக வாங்கி வந்ததாக நினைத்து வரி கேட்க மாட்டார்கள்.

இறங்கியதும்

பெல்ட்டில் பெட்டி வந்ததும் அங்கேயே திறந்து பாருங்கள். உடைந்திருந்தாலோ, வராமலே போனாலோ வெளியே போகும் முன் விமான நிறுவனத்தின் பெட்டிக் கவுன்டரில் பிஐஆர் எனப்படும் புகார்ப் படிவத்தைப் போட்டு, எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். கிளம்பும் முன் எடுத்த படங்கள் அப்போது சாட்சி.

அறைக்குப் போனதும் பூட்டும் முன் ஒரு சோதனை. லிம்பின் இரு ஓரத்திலும் பஞ்சை மெதுவாக இழுத்துப் பாருங்கள், எங்காவது சிக்கினால் அங்கே பிளவு இருக்கலாம். ஒவ்வொரு அம்பையும் காதருகே பிடித்து, சுழற்றிச் சுழற்றி லேசாக வளையுங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் அந்த அம்பு முடிந்தது. கீறல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போது சிதறிக் கையில் ஏறும், விலையைப் பார்த்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு பூட்டி நாணேற்றி, ஒரு கால் மணி நேரம் அப்படியே விட்டு, நோட்டைத் திறந்து பிரேஸ் ஹைட்டை அளந்து பாருங்கள். வேறுபட்டால் நாண் முறுக்கைச் சரிசெய்து அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். டில்லர், நாக்கிங் பாயிண்ட், பிளஞ்சர் என்று வரிசையாகப் பாருங்கள். மைதானத்தில் முதல் சில அம்புகளைக் கிட்டத்திலிருந்து எய்து, எல்லாத் திருகையும் மறுபடி ஒருமுறை இறுக்கிய பிறகே 70 மீட்டருக்குப் போங்கள். அங்கே அம்புகள் ஒரே இடத்தில் நெருக்கமாக, ஆனால் சற்று மேலேயோ கீழேயோ விழுந்தால் சைட்டை மட்டும் நகர்த்துங்கள். பிளஞ்சரைத் தொடாதீர்கள். வெப்பமும் காற்றும் வேறு, தூங்காத உடம்பும் வேறு. மறுநாள் காலை வரை பொறுத்திருந்து பாருங்கள்.

திரும்பி வரும் பெட்டியைத்தான் எல்லோரும் அவசரமாகக் கட்டுவார்கள். பரிசளிப்பு முடிந்து பேருந்து நின்றுகொண்டிருக்கும், பயிற்சியாளர் கத்திக்கொண்டிருப்பார். மழையில் எய்திருந்தால் லிம்ப் உறையும் ரைசரின் லிம்ப் பொருந்தும் குழியும் ஈரமாக இருக்கும். துடைக்காமல் மூடினால் இரண்டு நாளில் போல்ட் துருப்பிடிக்கும். அம்புகளை எண்ணுங்கள், தோழியிடம் போன ஆறையும் சேர்த்து. கைப்பையை மறுபடி தலைகீழாகக் கொட்டுங்கள். அந்த எல்-கீ இந்த முறை கண்டிப்பாக அங்கேதான் இருக்கும்.